மக்காச்சோளத்தில் குப்பைக்கீரையும் முள்ளுக்கீரையும்: மருந்தா, கொத்தா, சட்டியா?

உடுமலை மக்காச்சோளம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். உடுமலைப்பேட்டைக்குக் கிழக்கே, கிணற்றுத் தண்ணீரோடு பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) வாய்க்காலில் முறைத் தண்ணீரும் கிடைக்கும் மூன்று ஏக்கர் தோட்டத்தில் மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். முன்வெள்ளாமை சின்ன வெங்காயம். வெங்காயம் எடுத்த கையோடு கோழிப்பண்ணை எருவைத் தாராளமாக அடித்து, ரொட்டவேட்டர் ஓட்டி, பார் (மண்மேட்டு வரிசை) பிடித்து விதை ஊன்றினோம். விதைத்த மூன்றாம் நாள் அட்ரசின் களைக்கொல்லி தெளித்தாகிவிட்டது. அப்படியிருந்தும் இன்று பயிர் முழங்கால் உயரம் என்றால் களையும் அதே உயரம் நிற்கிறது. பெரும்பகுதி கீரை வகைதான். ஒன்றில் முள் இருக்கிறது, ஒன்றில் இல்லை. இடையிடையே சாரணையும், வாய்க்கால் ஓரத்தில் கோரையும் உண்டு.

எனக்குத் தெரிய வேண்டியவை இவைதான். அட்ரசின் ஏன் நிற்கவில்லை? இப்போது தெளிப்பதற்கு ஏதாவது இருக்கிறதா? அமெரிக்காவில் எந்த மருந்துக்கும் சாகாத கீரைக்களை ஒன்று நம் மாவட்டத்துக்குள் வந்துவிட்டது என்று கைப்பேசியில் ஒரு செய்தி சுற்றுகிறது, இது அதுதானா? கடைசியாக, "கீரைதானே, அறுத்து மாட்டுக்குப் போடு" என்கிறார் என் அம்மா. போடலாமா? இரண்டு செடிகளின் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

களையியல் மாணவி, கோவை

அண்ணா, படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் இருப்பது குப்பைக்கீரை, அதாவது அமராந்தஸ் விரிடிஸ். இலையின் நுனி கூராக முடியாமல், நகத்தால் கிள்ளி எடுத்ததுபோல் நடுவில் ஒரு சிறு பள்ளத்தோடு இருப்பதைக் கவனியுங்கள். கதிர் மெலிந்து பச்சையாக இருக்கிறது. அதன் காயை எடுத்து விரலிடையில் வைத்துப் பார்த்தால் மேல்தோல் சுருக்கம் விழுந்திருக்கும், தானாக வெடிக்காது. இரண்டாவது படம் முள்ளுக்கீரை, அமராந்தஸ் ஸ்பைனோசஸ். இலைக்காம்பு தண்டோடு சேரும் கணுவில் இரண்டிரண்டாக முள் நிற்பதும், தண்டு செம்மை பாய்ந்திருப்பதும் தெளிவாகத் தெரிகின்றன. கணுக்களில் உருண்டையாகத் திரண்டிருப்பவை பெண் பூக்கள். உச்சியில் நீளும் கதிரில் இருப்பவை பெரும்பாலும் ஆண் பூக்கள். இரண்டும் ஒரே செடியில்தான் இருக்கின்றன.

கைப்பேசிச் செய்தியில் சொல்லப்படுவது அமராந்தஸ் பால்மேரி என்னும் வேறு இனம். அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியும் வட மெக்சிகோவும் அதன் தாயகம். அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இலைக்காம்பு இலையைவிட நீண்டிருக்கும். பெண் கதிரைக் கையால் உருவினால் பூவடிச் செதில்கள் குத்தும், ஆனால் கணுவில் முள் கிடையாது. கோடையில் ஒரு நாளைக்கு ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் வளரக்கூடியது. நன்றாக வளர்ந்த ஒரு பெண் செடி ஐந்து லட்சம் விதை வரை உதிர்க்கும். கிளைபோசேட் என்னும் களைக்கொல்லிக்கு அது சாகாமல் நிற்பது ஜார்ஜியா மாநிலப் பருத்திக் காடுகளில் 2005-ஆம் ஆண்டில் உறுதி செய்யப்பட்டது. அந்த மருந்து தாக்க வேண்டிய நொதியின் மரபணுவைச் செடி தனக்குள்ளேயே பல மடங்காகப் பெருக்கிக்கொண்டது என்பதும், சில செடிகளில் அது நூறு மடங்கைத் தாண்டியது என்பதும் 2010-இல் வெளிவந்தன. மருந்து எவ்வளவு போனாலும் நொதி மிச்சம் இருக்கும் என்றால் செடி எப்படிச் சாகும்?

உங்கள் படங்களில் அந்த இனம் இல்லை. முள்ளைப் பார்த்தவுடன் அமெரிக்கக் களை என்று யாரோ முடிவு கட்டியிருக்கிறார்கள். சொல்லப்போனால் முள்ளுக்கீரையும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்ததுதான். ஆனால் பல தலைமுறைகளாக நம் எருக்குழி ஓரங்களில் குடியிருப்பதால் அதை யாரும் அயலாளாக நினைப்பதில்லை.

அவிநாசி மருந்துக்கடை

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அட்ரசின், நின்று கொண்டிருக்கும் செடியை எரிப்பதற்கான மருந்து அன்று. மண்ணின் மேற்பரப்பில் ஒரு படலமாகத் தங்கி, முளைத்து வரும் களையின் வேர் வழியாக உள்ளே போய், இலையில் ஒளிச்சேர்க்கையை நிறுத்துவது அதன் வேலை. மக்காச்சோளம் அந்த மருந்தைத் தன் உடம்பிலேயே முறித்துக்கொள்ளும் திறம் உடையது என்பதால்தான் பயிர் தப்பிக்கிறது. (இதே காரணத்தால் ஊடுபயிராகத் தட்டைப்பயறோ உளுந்தோ போட்டிருப்பவர்கள் அட்ரசின் பக்கமே போகக் கூடாது. அவர்களுக்குப் பெண்டிமெத்தலின் என்னும் களைக்கொல்லிதான்.)

படலம் நிற்க வேண்டுமானால் மண்ணில் ஈரம் வேண்டும். கட்டிகள் உடைந்திருக்க வேண்டும். தெளித்த பிறகு மண்ணைக் கிளறக் கூடாது. தாராளமாகக் கோழி எரு அடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். மட்கும் பொருள் மிகுந்த மண் மருந்தின் ஒரு பகுதியைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். விதைக்குப் போய்ச் சேருவது குறைந்துவிடும். இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன்: எந்த நாசிலில் தெளித்தீர்கள்? பூச்சி மருந்துக்குப் பயன்படும் கூம்பு நாசிலில் களைக்கொல்லி தெளித்தால் ஒரு பாருக்கு இரட்டிப்பு, அடுத்த பாருக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். தட்டை விசிறி நாசிலைப் போட்டு, கைத்தெளிப்பானால் பின்னோக்கி நடந்தே தெளிக்க வேண்டும். முன்னோக்கி நடந்தால் தெளித்த படலத்தை நம் காலே கலைத்துக்கொண்டு போகும்.

இப்போது என்ன தெளிக்கலாம் என்றால், மக்காச்சோளத்தில் முளைத்த களைக்கு டெம்போட்ரையோன் இருக்கிறது. அகன்ற இலைக் களைகளுக்கு 2,4-டி இருக்கிறது. ஆனால் இரண்டுமே களை இரண்டு முதல் நான்கு இலை வரை உள்ள பருவத்துக்கானவை. முழங்கால் உயரக் கீரை மேலிலை கருகி, கீழ்க் கணுவிலிருந்து மறுபடி கிளைத்து வரும். இந்த உயரத்தில் உங்களுக்கு மருந்து விற்றால் எனக்குத்தான் லாபம். போதாக்குறைக்கு 2,4-டி காற்றில் பறந்து பக்கத்துக் காட்டுப் பருத்தியின் இலையைச் சுருட்டிவிட்டால் பங்காளிச் சண்டையில் முடியும். கிளைபோசேட்டை நாசிலுக்குக் குடை கட்டி அடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நம் மக்காச்சோளம் அதைத் தாங்காது. மேலும் 2022 அக்டோபர் 21-ஆம் நாளிட்ட மத்திய அரசின் அறிவிக்கை, பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்களைத் தவிர வேறு யாரும் கிளைபோசேட்டைக் கையாளக் கூடாது என்கிறது.

சத்தி இயற்கைப் பண்ணையம்

மருந்துக்கடைக்காரரே மருந்து வேண்டாம் என்று எழுதுவதைப் படிப்பது மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் அவர் பருவம் தவறியதால் வேண்டாம் என்கிறார். நான் அடுத்த பட்டத்திலும் வேண்டாம் என்கிறேன். ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளித்தால் என்ன ஆகும் என்பதைப் பால்மேரி கதை சொல்லிவிட்டது. அட்ரசின் குடும்பத்து மருந்துக்குச் சாகாத களை அமெரிக்காவில் 1970-லேயே பதிவாகியிருக்கிறது. பஞ்சாப், அரியானா கோதுமை வயல்களில் ஐசோபுரோட்டுரான் என்னும் களைக்கொல்லியை நம்பியிருந்தவர்களுக்கு 1990-களில் பலாரிஸ் என்னும் புல் என்ன பாடு படுத்தியது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. நம் காட்டில் மட்டும் அது நடக்காது என்று எழுதிக் கொடுத்தவர் யார்?

கரும்புத் தோகை கிடைக்கும் ஊரில் இருப்பவர்கள் அதைப் பார்களுக்கிடையே கனமாகப் பரப்பினாலே கீரை விதை பெரும்பகுதி முளைக்காது. விதைப்பதற்கு முன் சணப்பையோ தக்கைப்பூண்டோ நெருக்கமாக விதைத்து மடக்கி உழுதால் களையின் முதல் அலையை அதுவே அடக்கிவிடும்.

அவிநாசி மருந்துக்கடை

எழுதிக் கொடுத்தவர் யாருமில்லை, ஐயா. அதனால்தான் ஒரே மருந்தை மாற்றாமல் தெளிக்காதீர்கள் என்று கடைக்கு வருபவர்களிடம் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் மூன்று ஏக்கருக்குக் களை வெட்ட ஆள் எங்கே கிடைக்கிறது? பனியன் கம்பெனி வண்டி காலையில் ஊருக்குள் வந்து நிற்கும்போது, வெயிலில் குனிந்து கொத்துப் பிடிக்க யார் வருவார்கள்? "களை பிடுங்காப் பயிர் கால் பயிர்" என்ற பழமொழி தெரியாதவர் நம்மில் இல்லை. பிடுங்கக் கை இல்லை என்பதுதான் சிக்கல். கரும்புத் தோகை உடுமலையில் எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

காங்கேயம் கொறங்காடு

அம்மா சொன்னதைப் பற்றி யாரும் பேசவில்லையே. மாடு வைத்திருப்பவன் என்ற முறையில் நான் சொல்கிறேன். குப்பைக்கீரையை மாடு விரும்பித் தின்னும், ஆடு முள்ளுக்கீரையின் இளங்கொழுந்தையும் கடிக்கும். ஆனால் தம்பி, உங்கள் தோட்டத்தில் நிற்கும் கீரையை அறுத்து மொத்தமாக மாட்டின் முன் கொட்டாதீர்கள். கோழி எரு அடித்த நிலத்தில், ஒருவேளை யூரியாவும் மேலுரமாக வைத்திருந்தால், இந்தக் கீரை தண்டில் நைட்ரேட்டைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் கிடைக்காமல் வாடியிருந்தாலோ, தொடர்ந்து நான்கு நாள் மேகமூட்டம் இருந்தாலோ அது இன்னும் ஏறும். இலையைவிடத் தண்டின் அடிப்பகுதியில்தான் அதிகம். மாட்டின் வயிற்றில் அது நைட்ரைட்டாக மாறி இரத்தத்தில் கலந்தால், இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் தன்மையை இழக்கும். மூச்சு வாங்கும், தள்ளாடும், ஈறும் நாக்கும் நீலம் பாயும்; இரத்தம் காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போய்விடும். மெத்திலின் நீலம் என்னும் மருந்தை நரம்பில் ஏற்ற உடனே கால்நடை மருத்துவர் வந்தாக வேண்டும்; வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இளஞ்சோளம் மேய்ந்து மாடு விழுவதை நம் பக்கத்தில் எல்லோரும் அறிவார்கள்; கீரையும் அப்படி ஆகும் என்பதைப் பலர் அறிவதில்லை.

ஆகவே, சோளத்தட்டோ வேறு காய்ந்த தீவனமோ முதலில் போட்டு மாட்டின் பசியை அடக்கிய பிறகு, கீரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுங்கள். அடித்தண்டை விட்டுவிட்டு மேல்பாதியை மட்டும் அறுங்கள். கதிர் முற்றியதை எந்தக் காரணம் கொண்டும் போடாதீர்கள். விதையில் ஒரு பங்கு சாணியோடு உயிராகவே வெளியே வந்து, எருவோடு மறுபடி தோட்டத்துக்கே போய்ச் சேரும். இன்னொன்று, மருந்து தெளித்த காட்டின் களையை மாட்டுக்கு அறுப்பதென்றால் அந்த மருந்துக்கு எத்தனை நாள் விட வேண்டும் என்று டப்பாவில் பார்த்துவிட்டு அறுங்கள்.

தொண்டாமுத்தூர் கீரைத்தோட்டம்

பெரியவர் மாட்டைப் பற்றிச் சொன்னார், நான் மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். நான் கீரை பயிரிட்டுக் கோவைச் சந்தைக்கு அனுப்புகிறவள். நீங்கள் களை என்று வைகிற இந்தக் குடும்பத்தில்தான் என் அரைக்கீரையும் தண்டுக்கீரையும் சிறுகீரையும் இருக்கின்றன. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 3 கிள்ளுக்கீரை வகை. விதைத்து மூன்று வாரமளவில் கிள்ளத் தொடங்கினால், வாரம் ஒரு முறை கிள்ளக் கிள்ளக் கணுவிலிருந்து தளிர்த்துக்கொண்டே இருக்கும். கோ 4 தானியத்துக்கும் ஆகும். வடக்கே ராஜ்கிரா என்று விரத நாளில் உண்கிற தானியமும் இந்தக் குடும்பம்தான். அரிசியிலும் கோதுமையிலும் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் அதில் நிறைய உண்டு.

இதிலிருந்து உடுமலைத் தம்பிக்கும் ஒரு செய்தி இருக்கிறது. கிள்ளினால் தளிர்ப்பது என் பாத்தியில் வருமானம், உங்கள் காட்டில் தலைவலி. கதிர் அரிவாளால் மேலாக அறுத்துவிட்டு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போனால், ஒன்றுக்கு நான்காகக் கிளைத்து, குட்டையாக நின்றபடியே பூத்துவிடும். கொத்தால் வேரோடு வெட்டுங்கள், அல்லது ஈரத்தில் பிடுங்குங்கள். முள்ளுக்கீரைக்கு ஆணிவேர் ஆழமாகப் போயிருக்கும். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு தரையை ஒட்டிப் பிடித்து இழுக்க வேண்டும்.

சமைப்பதைப் பொறுத்தவரை, குப்பைக்கீரையின் இளந்தளிரைப் பருப்போடு வேகவைத்து, மத்தால் கடைந்து, பூண்டும் சீரகமும் தாளித்தால் கடையில் வாங்கும் கீரைக்கு ஒரு குறையும் இருக்காது. பூத்ததை எடுக்காதீர்கள், நார் ஏறியிருக்கும். ஆக்சலேட்டும் நைட்ரேட்டும் தண்ணீரில் கரைபவை என்பதால், உரம் மிகுந்த நிலத்துக் கீரையை வேகவைத்த தண்ணீரை இறுத்துவிட்டுக் கடைவது நல்லது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் எப்படியும் அளவோடு உண்ண வேண்டும். ஆனால் இதெல்லாம் மருந்து தெளிக்காத நிலத்துக்கு. களை வெட்ட வரும் பெண்கள் மடியில் நான்கு பிடி கீரை கட்டிக்கொண்டு போவது நம் பக்கத்து வழக்கம். தோட்டக்காரர் போன வாரம் என்ன தெளித்தார் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. சொல்ல வேண்டியது தோட்டக்காரரின் பொறுப்பு.

மானாவாரிச் சோளக்காடுகளில் தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குமுட்டிக்கீரை, வரப்போரத்தில் சுக்குட்டிக்கீரை என்று மழைக்குப் பிறகு தானாக வருவதைப் பறித்துக் கம்பஞ்சோற்றுக்குக் கடைந்து உண்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்தக் காடுகளுக்கும் களைக்கொல்லி போன பிறகு பண்ணைக்கீரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதை யாரும் இழப்பாகக் கணக்கெழுதுவதில்லை.

சத்தி இயற்கைப் பண்ணையம்

அப்படியானால் உண்டே ஒழித்துவிடலாமே! ஊரில் நான்கு குடும்பத்தைப் பறித்துக்கொள்ளச் சொன்னால் களையும் தீரும், கறியும் ஆகும்.

களையியல் மாணவி, கோவை

ஐயா, கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, கணக்குத்தான் ஒத்துவரவில்லை. ஒரு குடும்பம் ஒரு வேளைக்குப் பறிப்பது சில கைப்பிடி. மூன்று ஏக்கரில் நிற்பது பல வண்டிப்பாரம். அதுவும் சமையலுக்கு ஆகும் பருவம் ஒன்றிரண்டு வாரம்தான். அதன் பிறகு பூத்துவிடும். பூத்த பிறகு யாரும் பறிப்பதில்லை, ஆனால் களைக்கு முக்கியமான வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

என்னைக் கேட்டால், இந்த இழையில் நாம் எல்லோரும் நிற்கும் செடியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். சிக்கல் மண்ணுக்குள் கிடக்கும் விதையில் இருக்கிறது. குப்பைக்கீரை விதை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான், கருமையாகப் பளபளக்கும், ஒரு கிராமுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் பிடிக்கும். ஒரு செடியை விதைக்க விட்டால் ஆயிரக்கணக்கில் கொட்டும், இடமும் உரமும் வாய்த்த செடி லட்சத்தையும் எட்டலாம். கொட்டியது எல்லாம் அடுத்த மழைக்கே முளைத்துவிடுவதில்லை. ஒரு பகுதி உறங்கும். மிச்சிகனில் வில்லியம் பீல் என்னும் தாவரவியலாளர் 1879-இல் இருபது புட்டிகளில் பலவகைக் களை விதைகளை மணலோடு கலந்து புதைத்து வைத்தார். அதில் கீரைக் குடும்பத்தைச் சேர்ந்த அமராந்தஸ் ரெட்ரோபிளெக்சஸ், நாற்பது ஆண்டுகள் கழித்துத் தோண்டிய புட்டியிலும் முளைத்தது. நம் வெப்பத்தில், பூச்சியும் பூஞ்சையும் எறும்பும் உள்ள மண்ணில் அத்தனை காலம் தாங்காது. பெரும்பகுதி சில ஆண்டுகளில் செத்துவிடும். ஆனால் அந்தச் சில ஆண்டுகளும் புது விதை விழாமல் இருந்தால்தான் அந்தக் கணக்குக் குறையும்.

இந்த விதை முளைப்பதற்கு வெளிச்சமும் ஈரமும் சூடும் வேண்டும். மண்ணில் நைட்ரேட் இருந்தால் உறக்கம் இன்னும் எளிதாகக் கலையும். மேல்மண்ணில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குள் கிடப்பவைதான் பெரும்பாலும் முளைக்கும். ஐந்து சென்டிமீட்டருக்குக் கீழே போனது வெளியே வருவது அரிது. இப்போது உங்கள் தோட்டத்தில் நடந்ததைப் பாருங்கள், அண்ணா. வெங்காயம் குட்டைப் பயிர், இலை மெலிது, நிழல் தராது. கடைசிக் களையெடுப்புக்குப் பிறகு முளைத்த கீரைகள் வெயிலில் நன்றாக நின்று விதை உதிர்த்திருக்கும். கோழி எரு நைட்ரேட்டைக் கொடுத்தது. தொழு எருவில் களை விதை இருக்கும், கோழி எருவில் அவ்வளவாக இருப்பதில்லை, தீவனத்தை அரைத்துத்தானே போடுகிறார்கள். ஆகவே எரு கொண்டுவந்தது பெரும்பாலும் விதையை அல்ல, விதைக்கான விருந்தை. ரொட்டவேட்டர் மேல்மண்ணைப் பொடியாக்கி, விதைகளை முளைக்கக்கூடிய ஆழத்திலேயே கலந்துவிட்டது. வேண்டியதெல்லாம் கிடைத்தால் எது முளைக்காது?

கீரைக் களை இவ்வளவு வேகமாக வளர்வதற்கு அதன் ஒளிச்சேர்க்கை முறையும் காரணம். சி4 என்று சொல்லப்படும் அந்த முறை கடும் வெயிலிலும் குறைந்த தண்ணீரிலும் ஓடக்கூடியது. வெங்காயத்துக்கு அந்த வசதி இல்லாததால்தான் அங்கே கீரை பயிரை மிதித்துவிடுகிறது. மக்காச்சோளமோ தானும் சி4 பயிர், உயரமும் உண்டு. சி4 களைக்கு நிழல் ஆகாது. எனவே விதைத்த பதினைந்தாம் நாளிலிருந்து நாற்பது, நாற்பத்தைந்து நாள் வரை காட்டைச் சுத்தமாக வைத்தால், அதன் பிறகு தோகைகள் ஒன்றோடொன்று கூடி மிச்ச வேலையை நிழலே பார்த்துக்கொள்ளும்.

காங்கேயம் கொறங்காடு

மகள் சொல்வது கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்துக்கும் பொருந்தும். கிளுவை வேலி கட்டி, வெள்வேல மரத்தடியில் கொழுக்கட்டைப்புல் அடர்ந்து நிற்கும் காட்டில் பார்த்தீனியம் என்னும் களைக்கு இடம் கிடைப்பதில்லை. அளவுக்கு மேல் மாட்டை விட்டு மேய்த்துத் தரை வெளுத்த காட்டில்தான் அது ஏறுகிறது. மாடு தின்னாது, வேறு வழியில்லாமல் தின்றால் பாலில் கசப்பு வரும், பிடுங்குகிறவர்களுக்குக் கையில் அரிப்பும் தடிப்பும் மிச்சம். 1950-களில் புனே பக்கம் முதலில் கண்ணில் பட்ட செடி இன்று நாடு முழுவதும் நிற்கிறது. அதை அழிக்க விட்ட மெக்சிகோ வண்டு என்ன ஆயிற்று என்று யாராவது சொல்லுங்களேன்.

களையியல் மாணவி, கோவை

மெக்சிகோவிலிருந்து 1983-இல் கொண்டுவரப்பட்டு, 1984-இல் பெங்களூரில் விடப்பட்ட சைகோகிராமா வண்டு அது. இப்போது நம் பக்கத்திலும் இருக்கிறது. மழைக்காலத்தில் இலையை மொட்டையடிக்கும்; வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் போய் உறங்கிவிடும். பார்த்தீனியமோ கொஞ்சம் ஈரம் இருந்தாலும் ஆண்டு முழுவதும் முளைக்கும் என்பதால் வண்டு மட்டும் போதவில்லை. சாலையோரத்துக்கும் தரிசுக்கும் லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்து, பூப்பதற்கு முன் நனையத் தெளிக்கலாம். விளைநிலத்தில் உப்பு கூடாது. ஆவாரையும் துத்தியும் அடர்ந்தால் அவையே அதை நெருக்கும். சூரியகாந்தி போடுகிறவர்கள் வரப்பிலும் பார்த்தீனியத்தை விட்டுவைக்கக் கூடாது. சூரியகாந்தியைக் கருக்கும் நச்சுயிரி இந்தச் செடியில் நோய்க்குறி காட்டாமல் தங்கி, பூவிலுள்ள இலைப்பேன் மூலம் மகரந்தத்தோடு பயிருக்குப் போகிறது.

உடுமலை மக்காச்சோளம்

எல்லோருக்கும் நன்றி. மருந்து இப்போது வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். பார்களுக்கிடையே பவர் வீடர் (களையெடுக்கும் இயந்திரம்) ஓட்டி, பயிர் வரிசையில் நிற்பதை மட்டும் ஆள் வைத்துக் கொத்தச் சொல்லி, அதோடு மண்ணையும் அணைத்துவிடலாம் என்று எண்ணுகிறேன். மூன்று கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. வெட்டப்போகும் கீரையில் பாதி பூத்திருக்கிறது. அதை வரப்பில் குவித்தால் போதுமா? அறுவடைக்குப் பிறகு எப்படி உழுவது? வாய்க்கால் ஓரக் கோரையை என்ன செய்வது?

களையியல் மாணவி, கோவை

பூத்ததை வரப்பில் குவிக்காதீர்கள், அண்ணா. பிடுங்கிய செடி வாடுவதற்குள் தண்டில் உள்ள சத்தை வைத்தே சில விதைகளை முற்ற வைத்துவிடும். ஈரத்தில் கிடந்தால் வேரும் பிடிக்கும். பவர் வீடருக்கு முன்பே பூத்த செடிகளை மட்டும் தனியாகப் பிடுங்கிச் சாக்கில் போட்டு வெளியே கொண்டுவந்துவிடுங்கள். எருக்குழியில் போடுவதானால் சாணக் கரைசல் ஊற்றி, குவியலின் உள்ளே கைவைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறுகிறதா என்று பார்த்து, ஓரத்தில் இருப்பதை நடுவுக்குப் புரட்டிவிட வேண்டும். 55 பாகை செல்சியசுக்கு மேல் சில நாள் நின்றால் விதை செத்துவிடும். பூக்காததை அந்த இடத்திலேயே வெயிலில் போட்டுவிடலாம். வாய்க்கால் முறை வருவதற்கு மூன்று நாளாவது முன்னதாக இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

உழவைப் பொறுத்தவரை, அறுவடைக்குப் பிறகு ஒரே ஒரு முறை சட்டிக்கலப்பையால் ஆழமாகப் புரட்டி மேல்மண் விதையைக் கீழே தள்ளுங்கள். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அந்த ஆழத்தைத் தொடாமல் மேலாக மட்டும் உழ வேண்டும். ஆண்டுதோறும் ஆழ உழுதால் புதைத்ததை நாமே திரும்ப மேலே கொண்டுவந்து வைத்தவர்கள் ஆவோம். அடுத்த விதைப்புக்கு முன் தண்ணீர் கட்டி, முளைத்து வரும் முதல் அலையைப் பத்துப் பன்னிரண்டு நாளில் மேலாகக் கீறி அழித்துவிட்டு, அதன் பிறகு விதை ஊன்றுங்கள்.

அவிநாசி மருந்துக்கடை

கோரைக்கு மட்டும் ரொட்டவேட்டரைக் கொண்டுபோகாதீர்கள். மண்ணுக்குள் சங்கிலியாகக் கோத்துக் கிடக்கும் கிழங்குகளைத் துண்டாக்கி, தனித்தனியாகப் பரப்பிவிடும். உறங்கிக்கொண்டிருந்த கிழங்கும் முளைத்துவிடும். அந்த ஓரத்தைக் கோடையில் தனியாக உழுது, கிழங்கை மேலே எடுத்துப் போட்டு, தண்ணீர் காட்டாமல் வெயிலில் காயவிடுங்கள். கரும்புக்கு மாறுவதாக இருந்தால் ஹேலோசல்பியூரான் உண்டு. அப்போது கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எந்தக் களைக்கொல்லியானாலும் தெளிப்பானைத் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 2,4-டி தெளித்த டேங்கைக் கழுவிவிட்டோம் என்று நினைத்துத் தக்காளிக்குப் பூச்சி மருந்து அடித்தால், டேங்கின் அடியில் ஒட்டியிருப்பதே தக்காளியைச் சுருட்டிவிடப் போதும்.

தொண்டாமுத்தூர் கீரைத்தோட்டம்

தம்பி, ஆள் வந்து கொத்தும் நாளில், வந்தவர்களிடம் இந்தக் காட்டில் விதைத்த மூன்றாம் நாள் அட்ரசின் போட்டிருக்கிறது, சமையலுக்கு எடுக்காதீர்கள் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.